கல்லோடு வந்த சீட்டு

என் மேசை இழுப்பறையில், உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றில், 4.36 கிராம் எடையுள்ள கல்துண்டு ஒன்று இருக்கிறது. அதன் ஒரு பக்கம் கரி பூசியதுபோல் மங்கிய கறுப்பு. முறிந்த மறுபக்கம் சிமெண்ட் நிறம். விளக்கொளியில் மெல்லத் திருப்பினால், அந்தச் சாம்பல் பரப்பில் ஊசிமுனை அளவிலான உலோகப் புள்ளிகள் ஒவ்வொன்றாக மினுங்கி அணையும். கறுப்புத் தோல் ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இராது. 2013 பிப்ரவரி 15 அன்று காலை, ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேலே, ஏறத்தாழ 20 மீட்டர் அகலமுள்ள பாறை ஒன்று நொடிக்கு 19 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மண்டலத்துக்குள் புகுந்து சிதறியபோது, துண்டுகளின் மேற்பரப்பு உருகி, வேகம் தணிந்ததும் உறைந்து உண்டானது அந்தத் தோல். அன்று எழுந்த அதிர்வலையில் சன்னல்கள் நொறுங்கி, ஏறத்தாழ 1,500 பேர் காயமடைந்தார்கள். என்னிடம் இருப்பது அந்தப் பெரும் நிகழ்வின் ஒரு சிறு சில்லு.

டப்பாவின் அடியில் மடித்து வைத்த ஒரு சீட்டும் உண்டு. பெயர், விழுந்த நாள், வகை எல்எல்5 (இரும்பு குறைந்த ஒரு கல்வகை), எடை, நான் யாரிடமிருந்து பெற்றேன், அவர் யாரிடமிருந்து பெற்றார் என்ற விவரங்கள் அதில் இருக்கின்றன. அந்தச் சீட்டு தொலைந்தாலும் ஓர் ஆய்வுக்கூடத்தால் இது விண்கல்தான் என்று சொல்லிவிட முடியும். இன்ன வகை என்றும் சொல்லிவிடலாம். ஆனால், இது அந்தக் காலை நேரத்தில், அந்த நகரத்தின் மேல் பாய்ந்து வந்த கல் என்பதைச் சொல்வதற்குச் சீட்டைத் தவிர வேறு சாட்சி இல்லை. விண்கல் சேர்ப்பதிலும் எரிமீன் பொழிவுகளைக் கண்விழித்துப் பார்ப்பதிலும் பல ஆண்டுகளைக் கழித்த பிறகு, இந்த இரண்டு பொழுதுபோக்குகளின் உயிரும் எழுதி வைப்பதில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

பலரும் இவ்விரண்டையும் ஒன்றென்றே எண்ணுகிறார்கள். 'விண்கல் மழை' என்ற சொல் வழக்கில் ஊன்றிவிட்டதால், ஆகஸ்ட் மாதம் பெர்சீட்ஸ் பொழிவு முடிந்த மறுநாள் காலையில் கல் தேடிப் போகலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. ஆண்டுதோறும் வரும் பொழிவுகளில் நாம் காண்பது பெரும்பாலும் வால்நட்சத்திரங்கள் தம் பாதையில் விட்டுச் சென்ற துகள்களை. மணல் அளவும் அதற்குச் சற்றுக் கூடுதலுமான அந்தத் துகள்கள், தரையிலிருந்து ஏறத்தாழ 80 முதல் 120 கிலோமீட்டர் உயரத்திலேயே எரிந்து தீர்ந்துவிடுகின்றன. அத்தகைய பொழிவு ஒன்றிலிருந்து தரைக்கு வந்து சேர்ந்தது என்று உறுதிசெய்யப்பட்ட விண்கல் இதுவரை ஒன்றுகூட இல்லை. நம் கைக்கு வரும் விண்கற்களில் ஏறக்குறைய எல்லாமே சிறுகோள்களிலிருந்து உடைந்து வந்தவை. மிகச் சில நிலவிலிருந்தும் செவ்வாயிலிருந்தும் வந்தவை. ஆகவே பொழிவில் நான் பார்ப்பது எதுவும் என் கைக்கு வராது. என் கையில் இருக்கும் எதுவும் விழுந்தபோது நான் பார்த்ததில்லை. இதனால்தான் எரிந்து மறைவதை எரிமீன் என்றும், தரையில் கிடைப்பதை விண்கல் என்றும் பிரித்துச் சொல்வதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

முதலில் பார்ப்பதைப் பற்றிச் சொல்கிறேன். இதற்குத் தொலைநோக்கி வேண்டாம். வானத்தின் பெரும்பகுதி ஒரே நேரத்தில் கண்ணில் படவேண்டும் என்பதால் வெறுங்கண்தான் சிறந்த கருவி. சாய்ந்து படுக்க ஒரு நாற்காலி, போர்வை, சிவப்புத் தாள் ஒட்டிய கைவிளக்கு, அட்டையில் செருகிய தாள், பென்சில் ஆகியவை போதும். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். இடையில் ஒரே ஒரு முறை கைபேசித் திரையைப் பார்த்தாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். நள்ளிரவுக்குப் பிறகு எண்ணிக்கை கூடுவதற்குக் காரணம் எளிமையானது: அப்போது நாம் இருக்கும் பக்கம், பூமி தன் பாதையில் முன்னேறிச் செல்லும் திசையை நோக்கித் திரும்பியிருக்கிறது. மழையில் ஓடும் வண்டியின் முன்கண்ணாடியில்தானே துளிகள் அதிகம் அறைகின்றன.

செய்திகளில் 'மணிக்கு 120' என்று படித்துவிட்டு வெளியே வந்து, முப்பதைக்கூட எண்ண முடியாமல் ஏமாந்து உறங்கப் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த எண், பொழிவின் எரிமீன்கள் எல்லாம் கிளம்பி வருவதுபோல் தோன்றும் மையப்புள்ளி உச்சி வானில் நின்று, 6.5 ஒளியளவு வரையுள்ள மங்கலான விண்மீன்களும் தெரியும் அளவுக்கு வானம் கறுத்திருந்தால், ஒருவர் கண்ணுக்கு எத்தனை தெரியும் என்பதற்கான கணக்கு. மையப்புள்ளி தாழ்ந்திருந்தாலோ, நிலவு இருந்தாலோ, நகர வெளிச்சம் இருந்தாலோ அது வேகமாகக் குறையும். இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டவர் குறைந்த எண்ணிக்கைக்காக மனம் தளர மாட்டார். ஏனென்றால், வானம் எவ்வளவு இருண்டிருந்தது என்பதையும் சேர்த்து எழுதிய குறைந்த எண்ணிக்கை, அதைச் சொல்லாத பெரிய எண்ணிக்கையைவிடப் பயனுள்ளது. அதிலிருந்து மற்றதைத் திருத்திக் கணக்கிட்டுக்கொள்ளலாம். 1988 முதல் இயங்கிவரும் பன்னாட்டு எரிமீன் அமைப்பு, உலகெங்கும் உள்ள பொழுதுபோக்குப் பார்வையாளர்களின் இத்தகைய எண்ணிக்கைகளைக் கொண்டுதான் பொழிவுகளின் ஏற்ற இறக்கத்தை வரைகிறது.

என் தாளில் ஒரு ஜெமினிட்ஸ் இரவு எப்படிப் பதிவாகிறது என்று காட்டுகிறேன். டிசம்பர் 13-14 இரவு. புனர்பூச விண்மீன்களில் ஒன்றான காஸ்டருக்கு அருகே மையப்புள்ளி. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கட்டம். ஒவ்வொரு கட்டத்தின் தலையிலும் மேகம் எத்தனை பங்கு மறைக்கிறது, மங்கலான விண்மீன் எது வரை தெரிகிறது என்ற குறிப்பு. பிறகு ஒவ்வோர் எரிமீனுக்கும் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும். அதன் பாதையைப் பின்னோக்கி மனத்தில் நீட்டினால் காஸ்டர் அருகே சென்று முட்டுகிறதா? முட்டினால் 'ஜெ', இல்லையென்றால் 'பி', அதாவது பிற. பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டு ஒளியளவு எண். தாளைப் பார்க்காமலே எழுதப் பழகிவிட்டதால், வரிகள் ஏறியும் இறங்கியும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தும் கிடக்கும். விடிந்ததும் அதே நாளில் உட்கார்ந்து படியெடுத்துவிட வேண்டும், இரண்டு நாள் கழித்தால் எழுதியவருக்கே புரியாது. பெர்சீட்ஸ் நொடிக்கு 59 கிலோமீட்டர் வேகத்தில் கீறிச் செல்லும். ஜெமினிட்ஸ் 35 கிலோமீட்டர்தான் என்பதால், 'அதோ' என்று அருகிலிருப்பவரிடம் சொல்லி முடிப்பதற்குள் அவரும் திரும்பிப் பார்த்துவிடலாம். இந்தப் பொழிவின் தாய் ஒரு வால்நட்சத்திரம் அன்று என்பதும் எனக்குப் பெரிய ஈர்ப்பு. 1983இல் கண்டறியப்பட்ட ஃபேத்தான் என்னும் சிறுகோள், 1.4 ஆண்டுக்கு ஒரு முறை சூரியனை மிக நெருங்கிச் சுற்றிவருகிறது; அதன் பாதையில்தான் இந்தத் துகள்கள் பரந்து கிடக்கின்றன.

மேகம் மூடிய இரவுக்கும் ஒரு தாள் உண்டு. 'தொடக்கம் 1.10; முடிவு 1.50, மேகம் முழுவதும், எண்ணிக்கை இல்லை' என்று எழுதி அதையும் கோப்பில் சேர்க்கிறேன். பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை என்பதும், பார்க்கவே இல்லை என்பதும் வேறு வேறு செய்திகள் அல்லவா?

எழுதி வைத்தவர்களால்தான் இந்தத் துறையே பிறந்தது. சீனாவில் கி.மு. 687இல் வானத்திலிருந்து விண்மீன்கள் மழைபோல் விழுந்ததாக எழுதப்பட்ட குறிப்பு, இன்று ஏப்ரல் 22ஐ ஒட்டி வரும் லிரிட்ஸ் பொழிவின் மிகப் பழைய பதிவாகக் கருதப்படுகிறது. நம் மொழியிலும் அப்படி ஒன்று இருக்கிறது. புறநானூற்றின் 229ஆம் பாடலில் கூடலூர் கிழார், பங்குனி மாதத்து நள்ளிரவில் ஒரு மீன் வானிலிருந்து எரிந்து விழுந்ததைச் சொல்கிறார். சேர மன்னனுக்குத் தீங்கு வருமோ என்று அன்று அஞ்சியதையும், அஞ்சியபடியே ஏழாம் நாளில் அவன் இறந்ததையும் சொல்லும் பாடல் அது. அந்த நம்பிக்கையை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால், அந்த வேளையில் எந்த நாள்மீன் உச்சியிலிருந்து சாய்ந்தது, எது எழுந்தது, எது மேற்கே இறங்கியது, விழுந்த மீன் எந்தத் திசையில் சென்றது என்றெல்லாம் அவர் அடுக்கியிருப்பதைப் படிக்கும்போது, பழகிய பார்வையாளர் ஒருவரின் குறிப்பேட்டைத் திறந்ததுபோல் எனக்கு மெய்சிலிர்க்கும். மாதம், வேளை, வானின் நிலை, திசை என்ற நான்கும் அதில் இருக்கின்றன. இன்று தீப்பந்து எனப்படும் மிகப் பிரகாசமான எரிமீனைப் பார்த்தவரிடம் நாம் கேட்பதும் இந்த நான்கைத்தான்.

1833 நவம்பரில் வட அமெரிக்காவில் லியோனிட்ஸ் பொழிவு புயலாக அடித்தபோது, யேல் கல்லூரியைச் சேர்ந்த டெனிசன் ஓல்ம்ஸ்டெட், பார்த்தவற்றை எழுதி அனுப்புமாறு செய்தித்தாள் வழியே வேண்டினார். வந்து குவிந்த மடல்களிலிருந்துதான், எல்லாக் கோடுகளும் சிம்ம ராசியில் ஒரே புள்ளியிலிருந்து விரிந்ததையும், அவை காற்று மண்டலத்துக்கு வெளியிலிருந்து வந்ததையும் அவர் எடுத்துக்காட்டினார். தண்டவாளங்கள் தொலைவில் ஒரு புள்ளியில் கூடுவதுபோல் தோன்றுமே, அதே தோற்றம்தான் இது. இணையாக வரும் துகள்கள் நம் கண்ணுக்கு விரிந்து தெரிகின்றன. 1866இல் இத்தாலிய வானியலாளர் சியாப்பரெல்லி, பெர்சீட்ஸ் துகள்களின் பாதையும் ஸ்விஃப்ட்-டட்டில் வால்நட்சத்திரத்தின் பாதையும் ஒன்றே என்று காட்டினார். 1999இல் லியோனிட்ஸ் மீண்டும் பெருகிய இரவில், வானியலாளர்கள் ஆஷரும் மெக்நாட்டும் முன்பே கணித்துச் சொன்ன நேரத்துக்கும் உண்மையான உச்சத்துக்கும் பத்து நிமிடம்கூட வேறுபாடு இல்லை. பல தலைமுறைகளின் தேதிக் குறிப்புகள் இல்லாமல் அந்தக் கணிப்புக்கு அடித்தளமே இருந்திருக்காது.

கற்களின் கதையும் இப்படித்தான். வானத்திலிருந்து கல் விழுந்தது என்று சொன்ன சிற்றூர் மக்களைக் கற்றவர்கள் நெடுங்காலம் நம்பவில்லை. 1794இல் ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் கிளாட்னி, பழைய சாட்சியங்களை ஒன்றுதிரட்டி, இவை விண்வெளியிலிருந்தே வருகின்றன என்று வாதிட்டபோதும் ஏளனம் குறையவில்லை. 1803 ஏப்ரல் 26 அன்று பிரான்சின் லேகிள் பகுதியில் ஏறத்தாழ 3,000 கற்கள் பொழிந்தன. அங்கே அனுப்பப்பட்ட இளம் அறிவியலாளர் பியோ ஊர் ஊராக நடந்து, பார்த்தவர்களையும் கேட்டவர்களையும் விசாரித்து, கற்கள் கிடந்த இடங்களைக் குறித்து, அவை நீள்வட்டமான ஒரு பரப்பில் சிதறியிருப்பதைக் காட்டினார். அதற்குப் பிறகே மறுப்பு அடங்கியது. இன்றும் புதிதாக விழுந்த கற்களைத் தேடுவோர், காற்றின் திசையையும் துண்டுகளின் எடையையும் வைத்து அதே நீள்வட்டத்தைத்தான் முதலில் வரைகிறார்கள்.

பார்ப்பதும் சேர்ப்பதும் ஒன்றையொன்று தொடும் அபூர்வமான இடமும் உண்டு. 1959 ஏப்ரல் 7 அன்று அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவில் விழுந்த பிர்ஷிப்ராம் கல்தான், வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு அது வந்த சுற்றுப்பாதை கணக்கிடப்பட்ட முதல் விண்கல். அந்தப் பாதை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள சிறுகோள் பட்டைவரை நீண்டது. 2021 பிப்ரவரி 28 அன்று இங்கிலாந்தின் வின்ச்கோம்பில் ஒரு வீட்டு வாசல்பாதையில் விழுந்த கரிம வகைக் கல்லை, வானைப் படமெடுக்கும் கேமராக்களின் பதிவுகள் கணக்கிட்டுக் கொடுத்த பகுதியில், சில மணி நேரத்திலேயே கண்டெடுத்துவிட்டார்கள். ஆகவே, மிகப் பெரிய தீப்பந்து ஒன்றைப் பார்த்தால் முதலில் மணியைப் பாருங்கள். பிறகு நின்ற இடத்திலிருந்து அசையாமல், அது தோன்றிய இடமும் மறைந்த இடமும் எந்த மரத்துக்கு, எந்தக் கூரைக்கு மேலே என்று மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஓரிரு நிமிடம் கழித்து வெடியோசை கேட்டால் அந்த இடைவெளியையும் எழுதுங்கள். கல் தரையை எட்டியிருக்கலாம் என்பதற்கான நல்ல அறிகுறி அது.

கையில் கல் இருந்தால் என்ன பார்ப்பது? என் பரிந்துரை, சிறு உருண்டைகள் நிறைந்த காண்ட்ரைட் வகைக் கல்லின் வழவழப்பாகத் தேய்த்த சிறு வில்லை ஒன்றும், பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்றும்தான். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்துக் கல்லை மெல்ல அருகில் கொண்டுவாருங்கள். சாம்பல் பரப்பு கலைந்து உருண்டை உருண்டையாகப் பிரியும். கடுகில் பாதியும் காலுமாக, சில பழுப்பாக, சில வெளிறிய பச்சையாக, சிலவற்றின் உள்ளே விசிறிபோல் விரிந்த கோடுகளுடன் கிடக்கும் அவைதான் காண்ட்ரூல்கள். கோள்கள் உருவாவதற்கு முன், சூரியனைச் சுற்றியிருந்த தூசித் தட்டில் மிதந்தபடியே உருகி உறைந்த துளிகள். அவற்றுக்கு இடையே வெள்ளிப் பொட்டுகளாக இரும்பும் நிக்கலும். 1969 பிப்ரவரி 8 அன்று மெக்சிகோவில் விழுந்த அயெண்டே கல்லில் இவற்றோடு ஒழுங்கற்ற வெள்ளைத் திட்டுகளும் உண்டு. அந்த வெள்ளைத் திட்டுகளின் வயது ஏறத்தாழ 456.7 கோடி ஆண்டுகள். சூரியக் குடும்பத்தின் மிகப் பழைய திடப்பொருள்கள் இவையே. அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த கல்லிலோ, சூரியனே பிறப்பதற்கு முன்பு வேறு விண்மீன்களிலிருந்து வந்த நுண்துகள்கள் இருக்கின்றன.

இரும்பு விண்கற்களின் அழகு வேறு. அறுத்துத் தேய்த்த முகத்தில் நீர்த்த நைட்ரிக் அமிலத்தைத் தடவினால், ஒன்றையொன்று குறுக்காக வெட்டும் பட்டைகள் மெல்ல எழும்பிவரும். நிக்கல் குறைந்த உலோகமும் மிகுந்த உலோகமும் பல இலட்சம் ஆண்டுகள் மெல்ல மெல்லக் குளிர்ந்தபோது தனித்தனியே பிரிந்ததால் உண்டான கோலம் அது. எந்தப் பட்டறையிலும் அதைச் செய்ய முடியாது. ஆனால் இரும்புக்கு ஈரம் பகை. உலர்ந்த டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் இன்றி வைத்தால், விளிம்பில் பழுப்பு வியர்வை பூக்கும். வெறுங்கையால் தொட்ட இடத்தில் விரல் ரேகையே துருவாக எழும்.

வாங்குவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். விண்கற்களுக்கு அவை விழுந்த அல்லது கிடைத்த இடத்தின் பெயரே பெயர். செவ்வாயிலிருந்து வந்த ஒரு முழு வகைக்கே, 1865இல் பீகாரின் ஷெர்காட்டியில் விழுந்த கல்லின் பெயர்தான் வழங்குகிறது. பாலைவனங்களில் கிடைத்து, சரியான இடம் தெரியாதவற்றுக்கு 'வடமேற்கு ஆப்பிரிக்கா' என்பதோடு ஓர் எண் தருகிறார்கள். ஒரு கல்லுக்கு அதிகாரபூர்வமான பெயர் கிடைக்க வேண்டுமானால், 20 கிராம் அல்லது மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு, இரண்டில் எது குறைவோ அதை ஆய்வு நிறுவனம் ஒன்றில் ஒப்படைக்க வேண்டும். இந்த விதியை நான் மனமார மதிக்கிறேன். அர்ஜென்டினா போன்ற நாடுகள் விண்கற்களை நாட்டின் உடைமையாக்கி, ஏற்றுமதியைத் தடைசெய்திருக்கின்றன; சட்டத்தை மீறி வெளியேறிய கல்லை, எவ்வளவு அழகாக இருந்தாலும், தொடக்கூடாது என்பதே என் நிலை. இரும்பில் படிகங்கள் பதிந்து ஒளி ஊடுருவும் பல்லசைட் வில்லை வரலாறு இல்லாமல் கிடைப்பதைவிட, முழு வரலாற்றோடு வரும் சாதாரணக் காண்ட்ரைட் துண்டே மேல்.

காந்தத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கண்டெடுத்த கல் விண்கல்லா என்று பார்க்க வலுவான காந்தத்தை ஒட்டிவைப்பது பரவலான பழக்கம். 'பிளாக் பியூட்டி' என்று அழைக்கப்படும் வடமேற்கு ஆப்பிரிக்கா 7034, செவ்வாயின் மிகப் பழைய மேலோட்டிலிருந்து வந்தது. அந்தக் கோளுக்கு ஒரு காலத்தில் இருந்த காந்தப்புலத்தின் பதிவு அதில் இருந்திருக்கலாம். தேடியவர்கள் வைத்த காந்தங்களால் அதன் துண்டுகளில் பழைய பதிவு அழிந்துபோயிருப்பதை 2023இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. எழுதப்பட்டிருந்த ஏட்டைப் படிக்கத் தெரியாமல் கழுவிவிட்டதற்கு ஒப்பான இழப்பு இது. காந்த ஊசியைக் கல்லின் அருகே கொண்டுபோய், அது திரும்புகிறதா என்று பார்த்தாலே போதும். உடைந்த முகத்தில் காற்றுக் குமிழிகளின் ஓட்டைகள் இருந்தாலோ, மெருகிடாத பீங்கானில் உரசும்போது செம்பழுப்புக் கோடு விழுந்தாலோ, அது பெரும்பாலும் உலைக்கசடு அல்லது இரும்புத் தாதுதான்.

சீட்டின் அருமையை நான் ஓர் இழப்பில்தான் கற்றேன். வீடு மாறியபோது, ஏறக்குறைய ஒரே அளவான இரண்டு சிறு கற்கள் டப்பாவிலிருந்து வெளியேறி ஒன்றாகக் கலந்துவிட்டன. இரண்டும் வடமேற்கு ஆப்பிரிக்க எண் பெற்றவை, இரண்டும் பழுப்பு. சீட்டுகள் பத்திரமாக இருந்தன. ஆனால், அவற்றில் எடையை நான் 'சுமார் 6 கிராம்' என்று மட்டுமே எழுதியிருந்தேன். இரண்டு தசமம் வரை நிறுத்து எழுதியிருந்தால் ஒரு நிமிட வேலை. ஒளிப்படமும் எடுத்து வைக்கவில்லை. இன்றுவரை அவை 'இரண்டில் ஒன்று' என்ற சீட்டோடு ஒரே டப்பாவில் இருக்கின்றன. அவற்றை யாருக்கும் கொடுக்க மாட்டேன், ஊகத்தின் பேரில் பெயரிடவும் மாட்டேன். அன்று முதல், எடை, நான்கு பக்கப் படம், பெற்ற நாள் மூன்றும் எழுதாமல் எந்தக் கல்லையும் டப்பாவுக்குள் வைப்பதில்லை.

எதையும் வாங்க முடியாதவருக்கும் வழி இருக்கிறது. விண்தூசி எங்கும் விழுந்துகொண்டே இருக்கிறது. நார்வே நாட்டு ஜாஸ் இசைக்கலைஞர் யோன் லார்சன், நகரத்துக் கூரைகளின் வடிகால் சேற்றை ஆண்டுக்கணக்கில் கழுவிச் சலித்து, அதில் நுண்விண்கற்கள் இருப்பதை 2017இல் அறிவியலாளர்களோடு சேர்ந்து நிறுவினார். ஏறத்தாழ 300 கிலோ சேற்றிலிருந்து 500 மணிகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. வெல்டிங் பொறிகளும் ஆலைப் புகையும்கூட உருண்டையான மணிகளை உண்டாக்கும் என்பதால், பிரித்தறிய நல்ல நுண்ணோக்கியும் மிகுந்த பொறுமையும் வேண்டும். நான் தேடியவரை உறுதியாகச் சொல்லும்படி ஒன்றும் கிடைக்கவில்லை. தேடிய கூரையும் தேதியும் குறிப்பேட்டில் இருக்கின்றன.

2029 ஏப்ரல் 13 அன்று அப்போஃபிஸ் என்னும் சிறுகோள், பூமியின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 32,000 கிலோமீட்டர் தொலைவில், மோதாமல் கடந்து செல்லும். ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா ஆகிய பகுதிகளில் அது ஒரு புள்ளியாக மெல்ல நகர்வது வெறுங்கண்ணுக்கே தெரியும். அதன் ஒளிநிறமாலை, எல்எல் வகைக் காண்ட்ரைட்டுகளின் நிறமாலையை ஒத்திருக்கிறது. அதாவது, என் இழுப்பறையில் இருக்கும் 4.36 கிராம் துண்டின் வகை. அந்த இரவுக்கான பக்கத்தைக் குறிப்பேட்டில் இப்போதே ஒதுக்கி, மேலே தேதியை எழுதிவிட்டேன். மேகம் எத்தனை பங்கு என்ற இடம் மட்டும் காலியாக இருக்கிறது.